வெங்காயத்தோல் அஞ்சாம் நம்பர்

பட்டுப் புடவையைப் பற்றிக் கந்தசாமிக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆரணியில் பலரும் சொல்வார்கள். அதிகம் சொல்பவர் கந்தசாமிதான். நெய்து வந்த புடவையை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்ப்பார். ஒரு பக்கம் சாய்த்தால் பச்சையும் மறுபக்கம் சாய்த்தால் நீலமும் அடித்தால், அவர் தொண்டையிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். நீளவாக்கு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம் என்று போட்டு நெய்த டபுள் கலர் புடவை அப்படித்தான் மாறவேண்டும். மாறாத புடவையை மடித்துக்கூடக் கொடுக்கமாட்டார். அப்படியே நெசவாளியின் மடியில் போட்டுவிடுவார்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் 2008-ம் வருஷம், ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, அவர் லேப்டாப் வாங்க உட்கார்ந்தார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதால் கிழமையை அவரே பார்த்து வைத்திருந்தார். லேப்டாப்பில் என்ன பார்க்கவேண்டும் என்பதை யாரிடமும் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஜாதி இல்லை.

அன்று காலை முதல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தவள் ஜெயப்ரியா. கந்தசாமியின் பட்டு வியாபாரத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் கற்றவள். புட்டா, பார்டர், முந்தானை எல்லாம் வரைந்து, கலர் நிரப்பி, அதைத் தறியில் ஏற்றும் அட்டை வரைக்கும் அவள் கைவேலை. மேசை ஒன்று, பழைய குண்டு மானிட்டர் ஒன்று, ஜன்னல் ஒன்று. அந்த மேசை போனால் தன் வாழ்க்கையே போய்விடும் என்று அவள் நினைத்தாள். மிகைதான், ஆனால் அவள் அப்படித்தான் நினைத்தாள்.

மேசைக்கு ஆபத்து வந்தது போன கார்த்திகை மாதத்தில். முதலாளியின் மருமகன் கமலக்கண்ணன் தன்னுடைய லேப்டாப்பில் அவள் போட்ட டிசைனை எடுத்துக்கொண்டு பெங்களூர் சிக்பேட்டைக் கடைக்குப் போனான். கடைக்காரர் பார்த்து, "இந்த வெங்காயத்தோல் கலர் அருமை. இதே கலர், இம்மி மாறக்கூடாது" என்றார். இருபத்துநாலு புடவை நெய்து அனுப்பினார்கள். இருபத்துநாலும் திரும்பி வந்தன. "நான் பார்த்தது பூ மாதிரி வெளிர் கலர். நீங்கள் அனுப்பியது காய்ந்த வெங்காயம்" என்று கடைக்காரர் போனிலேயே கத்தினார்.

பழி யார் தலையில் விழும்? கலர் போட்டவள் தலையில்தான். ஜெயப்ரியா சாயம் போட்டு வந்த நூல்கட்டான சிட்டத்தை எடுத்துவைத்துக் காட்டினாள்; பட்டுநூல் சிட்டமும் கம்ப்யூட்டரில் அவள் போட்ட கலரும் ஒன்றாகத்தான் இருந்தன. "ஒருவேளை உங்க ஸ்கிரீன்ல ஏதாவது..." என்று அவள் இழுத்தபோது கமலக்கண்ணன் விடவில்லை.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கந்தசாமியும் சிரித்தார். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

சிரித்து முடித்து அவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "தீபாவளி ஆர்டருக்கு அவங்க இன்னொரு சான்ஸ் குடுத்துகினு கீறாங்க. புதுசா நல்ல லேப்டாப்பே வாங்கித் தர்றேன். அதுக்கு அப்பறமும் கலர் மாறி வந்துச்சின்னா, டிசைன் வேலைய காஞ்சிபுரத்துல குடுத்துடுவேன். நீ தெய்வநாயகிகூட உக்காந்து சிட்டம் பிரி."

ஆறு மாதமாக அவளுக்குத் தூக்கம் பாதிதான். எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாத தப்பை எப்படித் திருத்துவது?

வேலூரிலிருந்து லோகநாதன் என்ற விற்பனைக்காரன் பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தான். டை கட்டியிருந்தான். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, புடவை வாங்க வருகிற கல்யாண வீட்டாரை உட்காரவைப்பதுபோல அவனை உட்காரவைத்தார்கள். அவன் பையைத் திறக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"பேஜார் புடிச்ச கரண்ட்டு" என்றார் கந்தசாமி.

"கவலையே வேணாங்க. இது பேட்டரிலயே மூணு மணி நேரம் ஓடும்" என்று லோகநாதன் அதையும் விற்பனையாக்கிக்கொண்டான். வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு லேப்டாப்பை எடுத்து வெள்ளைத் துணியின் நடுவில் வைத்துத் திறந்தான். ரோஜாப்பூ ஒன்று திரை நிறையப் பூத்தது. பனித்துளிகூட உருண்டுவிடும்போல இருந்தது.

"கிளாஸ் மாதிரிங்க. முகமே பாக்கலாம்."

உண்மையாகவே பார்க்கலாம். வாசல் வெளிச்சத்தில் கந்தசாமியின் நெற்றி விபூதி ரோஜாவுக்கு நடுவில் மூன்று கோடாகத் தெரிந்தது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

பையில் இன்னொன்றும் இருந்தது. கறுப்பு, தடியாக, செங்கல்லைப்போல. திரையில் பளபளப்பே இல்லை. "அதுவும் பிசினஸ் மாடல்தாங்க. பேங்க்லயும் காலேஜ்லயும் கணக்கு பாக்க வாங்குவாங்க. உங்களுக்கு அது வேணாங்க, களையே இருக்காது" என்று லோகநாதனே அதை ஒதுக்கி வைத்தான்.

கந்தசாமி எழுந்து நின்றார். முடிவு எடுக்கும்போது அவர் எப்போதும் நிற்பார். ஜெயப்ரியா கொடுத்த டிசைனைத் திறக்கச் சொன்னார். வெங்காயத்தோல் உடம்பு, அரக்கு பார்டர். பிறகு குனிந்து, புடவைத் தலைப்பைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் திரையின் மேல்விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் சாய்த்தார். நிறம் மாறியது. வெளுத்தது, கறுத்தது, மறுபடி வெளுத்தது.

"ம்!" என்றார். இது சாதாரண 'ம்' இல்லை. காஞ்சிபுரத்துக்குக் கேட்கும். "பாத்தியா மாப்ள! ஆட்டினா ரெண்டு கலர் அடிக்குது. டபுள் கலர்! அந்தக் கறுப்பை ஆட்டிப் பாரு, செத்த பொணம் மாதிரி ஒரே கலரு. சரக்குன்னா இதான் சரக்கு!"

லோகநாதனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இப்படி ஒரு புகழ்ச்சியை இந்தச் சரக்குக்கு எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. "கரெக்டா புடிச்சிட்டீங்க சார்!" என்றான். கமலக்கண்ணன் தலையாட்டினான். என்னுடைய பழைய லேப்டாப்பும் இப்படித்தான் அடிக்கும் மாமா, ஆனால் இது இன்னும் நன்றாக அடிக்கிறது என்றான்.

ஜெயப்ரியா ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கமலக்கண்ணன் சொன்னது காதில் விழுந்து ஒரு நொடி கழித்துத்தான் மனசில் விழுந்தது. அவனுடைய பழைய லேப்டாப்பும் இப்படித்தானா?

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல எழுந்தாள். வெங்காயத்தோல் வெளுத்துப் பூவாயிற்று. உட்கார்ந்தாள். காய்ந்த வெங்காயமாயிற்று. மறுபடி எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள்.

கூடத்திலிருந்து ஒரு படி இறக்கத்தில், நடையில் உட்கார்ந்து சிட்டம் பிரித்துக்கொண்டிருந்த தெய்வநாயகி சும்மா இருப்பாளா? "இன்னாடி ஜெயா, புள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை ஜெயப்ரியாவுக்குச் சுடவில்லை. ஆறு மாதமாகத் தேடிய தப்பு கண்ணெதிரே எழுந்தும் உட்கார்ந்தும் நின்றது. ஆனால் அதைச் சொல்வது எப்படி? முதலாளி "ம்" சொல்லிவிட்டார். நாற்பது வருஷத்தில் அவர் 'ம்'மைத் திருப்பி வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஸ்கிரீன் சரியில்லை என்று அவள் வாயைத் திறந்தால், மேடை கோணல் என்று மறுபடி ஒரு சிரிப்பு கிளம்பும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வீட்டு வழக்கம் ஞாபகம் வந்தது. அது கந்தசாமியே ஏற்படுத்திய முறை. சாயப்பட்டறையிலிருந்து புது நூல் வந்தால், பழைய கலரோடு ஒத்துப்போகிறதா என்று ஐந்து பேர் பார்ப்பார்கள். முதலாளி வாயைத் திறந்தால் மற்ற நாலு பேரும் "ஆமாங்க" என்றுவிடுவார்கள் என்பது அவருக்கே தெரியும். அதனால் யாரும் பேசக்கூடாது. சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல, ஆளுக்கு ஒரு நூல் துணுக்கை எடுத்துத் துண்டுக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொள்ளவேண்டும். பிறகு ஒரே நேரத்தில் துண்டை எடுப்பார்கள்.

"முதலாளி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, பலமாக, "முதலாளி! வாங்கறதுக்கு முன்ன ஒரு தபா துண்டு போட்டுப் பாத்துடலாங்க. சாயத்துக்கு மட்டும் போடறோம். இதுவும் கலர் சமாச்சாரந்தானே?"

கந்தசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வைத்த முறையை அவரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? "போடு" என்றார். "ஜல்தியா போடு. ராகு காலம் வந்துடப் போவுது."

தெய்வநாயகி கூடையைக் கொண்டுவந்தாள். வெங்காயத்தோலில் ஏழு நம்பர். ஒன்றாம் நம்பர் பிஞ்சு வெளிர், ஏழாம் நம்பர் அடர்த்தி. ஒவ்வொரு நம்பரிலும் கத்தை கத்தையாகத் துணுக்குகள். ஜெயப்ரியா ஒரு தாளைக் கிழித்து எதையோ எழுதி, நாலாக மடித்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். "நான் டிசைன்ல போட்ட நம்பர் அதுல கீதுங்க. கடைசியா பிரிக்கலாம்."

வெள்ளி லேப்டாப்பின் திரையில் தெரிந்த நிறத்துக்கு ஒத்த துணுக்கை எல்லாரும் அவரவர் இடத்திலிருந்தே தேடினார்கள். கந்தசாமி நின்றபடியே பார்த்தார். கமலக்கண்ணன் நாற்காலியில் இருந்தான். சாயம் போடுகிற முருகேசன் அன்று நூல் கொண்டுவந்திருந்தான். அவன் ஜமக்காளத்தில் குந்தியிருந்தான். தெய்வநாயகி படிக்குக் கீழே அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. ஐந்தாவது ஆளாக, லேப்டாப் பக்கத்தில் குனிந்து நின்ற லோகநாதனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்குத் துண்டு இல்லாததால் டைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான். தெய்வநாயகிக்கு முந்தானை.

"எடுங்க" என்றாள் ஜெயப்ரியா.

கந்தசாமியிடம் இரண்டாம் நம்பர். லோகநாதனிடம் மூன்று. கமலக்கண்ணனிடம் நாலு. முருகேசனிடம் ஆறு. தெய்வநாயகியிடம் ஏழு.

சாயத்துக்குத் துண்டு போட்டால் அதிகபட்சம் ஒரு நம்பர் வித்தியாசம் வரும்; இரண்டு வந்தால் அந்த மாதம் முழுக்க அதையே பேசுவார்கள். இங்கே ஐந்து பேருக்கு ஐந்து நம்பர்.

"இன்னாயா முருகேசா, கண்ணு அவிஞ்சி போச்சா?" என்றார் கந்தசாமி.

"எனுக்கு நல்லாத்தாங்க தெரியுது" என்றான் முருகேசன். வாழ்நாள் முழுக்கக் கலரில் கைவிட்டு நகக்கண் எல்லாம் அரக்காகிப் போனவன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆறாம் நம்பருங்க. அடிச்சி சொல்லுவேன்."

"இப்ப அந்தக் கறுப்புப் பெட்டியை வெக்கலாங்க" என்றாள் ஜெயப்ரியா.

லோகநாதன் அரைமனசோடு வைத்தான். அதே டிசைன், அதே இடம், அதே ஐந்து பேர். திரையில் யார் முகமும் தெரியவில்லை. புடவை மட்டும்தான் தெரிந்தது. மறுபடி துண்டுக்கு அடியில் கை போயிற்று.

"எடுங்க."

கந்தசாமியிடம் ஐந்து. கமலக்கண்ணனிடம் ஐந்து. முருகேசனிடம் ஐந்து. படிக்குக் கீழே தெய்வநாயகியிடமும் ஐந்து. லோகநாதன் மட்டும் நாலை நீட்டினான். வேலூரில் பட்டு தெரியாமல் வளர்ந்தவன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

முருகேசன் எழுந்துபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் இருந்த தாளைப் பிரித்தான். பெரிதாக ஒரே ஒரு எண். அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான். ஐந்து.

கந்தசாமி அசையவில்லை. நாற்பது வருஷக் கண் அவ்வளவு சுலபமாகத் தோற்றுவிடுமா? "அது எப்பிடி? ரெண்டு கலர் அடிச்சா ஒஸ்திதானே?"

"புடவைக்கு ஒஸ்திங்க" என்றாள் ஜெயப்ரியா. "புடவை கட்டிகினு நடக்கறப்ப ஆடும், மாறினாத்தான் அழகு. இந்தப் பெட்டி ஆடாம ஒரே எடத்துல கீது. சுத்தி உக்காந்திருக்கற கல்யாணப் பொண்ணுக்கு ஒரு கலர், அவங்க அம்மாவுக்கு ஒரு கலர், நின்னுகினு கீற மாமனுக்கு ஒரு கலர்னா, எந்தக் கலரைங்க நாம நெய்யறது? நம்பிக்கை இல்லன்னா நீங்களே அந்த வெள்ளிப் பெட்டிய நின்னு ஒரு தபா பாருங்க, கீழ உக்காந்து ஒரு தபா பாருங்க."

கந்தசாமி நின்று பார்த்தார். வலது கையில் இரண்டாம் நம்பரை எடுத்துக்கொண்டார். வேட்டியை இழுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பார்த்தார். கூடையில் துழாவி இடது கையில் ஒன்றை எடுத்தார். ஆறாம் நம்பர். எழுந்தார். உட்கார்ந்தார். தெய்வநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியிடம் தோப்புக்கரணத்தைப் பற்றிக் கேட்கிற தைரியம் அவளுக்கும் இல்லை.

இரண்டு கையிலும் இரண்டு துணுக்கு. அவரே எடுத்தவை. அவர் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மருமகனைப் பார்த்தார்.

"மாப்ள. கார்த்திகை மாசம் சிக்பேட்டையில லேப்டாப்ப எங்க வெச்சே?"

"கீழ, மெத்தை மேல மாமா."

"கடைக்காரர் எங்க உக்காந்திருந்தாரு?"

"அவரு... கல்லாவுல. ஒசர நாற்காலி."

"மேலருந்து பாத்திருக்காரு" என்றார் கந்தசாமி. "வெளுப்பாத் தெரிஞ்சிருக்குது." இடது கையிலிருந்த துணுக்கைக் கீழே வைத்தார். "இந்தப் பொண்ணு போட்ட கலர் சரி. முருகேசன் போட்ட சாயம் சரி. நெய்தவன் சரி. மேடைதான் மாப்ள கோணல்!"

அவர் தொடையில் அறைந்துகொண்டு சிரித்த சிரிப்பில் ஜமக்காளமே அதிர்ந்தது. தன்னைப் பார்த்தேதான் சிரித்தார். அதனால் மற்றவர்களுக்கும் தைரியம் வந்து, கூடம் முழுக்கச் சிரித்தது. கமலக்கண்ணன்கூட அசடு வழியச் சிரித்தான். ஜெயப்ரியாவுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாதம் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போய்விட்டது. அவளுக்கு அந்தக் கறுப்புச் செங்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

"தம்பி, கறுப்பைக் குடு" என்றார் கந்தசாமி. "களை நம்ம புடவையில கீது. பெட்டியில வேணாம்."

தெய்வநாயகி அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள், திரையில் படாமல் மூடியின் மேலே. கமலக்கண்ணன் வழக்கம்போல அதை எடுத்துப் பையில் வைக்கக் கை நீட்டினான். கந்தசாமி அந்தக் கையைத் தடுத்தார்.

"அவகிட்ட குடு. தீபாவளி ஆர்டருக்கு ஜெயா போவட்டும். நீ கூடப் போயி பையைத் தூக்கு."

ஆடி பிறப்பதற்கு முன்னால் சிக்பேட்டைக்குப் போனார்கள். கமலக்கண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளை, ரயிலில் ஜன்னல் ஓரத்தையும் அவளுக்கே விட்டான். கடைக்காரர் ராமதாஸ் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, இந்த ஆரணிக்காரர்களை எதற்குக் கூப்பிட்டோம் என்ற முகத்தோடு பார்த்தார். ஜெயப்ரியா மெத்தைமேல் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்தில் ஏழு துணுக்குகளை நம்பர் தெரியாமல் வரிசையாக வைத்தாள்.

"இந்தப் புடவை கலர் எதுன்னு எடுங்க சார்."

ராமதாஸ் நாற்காலியிலிருந்தே குனிந்து ஒன்றை எடுத்தார்.

"இப்ப கொஞ்சம் கீழ வந்து உக்காந்து எடுங்க."

"எதுக்கும்மா?"

"நான் ஆரணியிலருந்து வந்திருக்கேன் சார். நீங்க நாற்காலியிலருந்து மெத்தைக்கு வரக்கூடாதா?"

அவர் சிரித்துவிட்டார். இறங்கி வந்து மெத்தையில் உட்கார்ந்தார். பார்த்தார். கையிலிருந்த துணுக்கை வைத்துவிட்டு வேறு எதையாவது எடுப்பாரோ என்று கமலக்கண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயப்ரியா மூச்சைப் பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

ராமதாஸ் கையிலிருந்ததையே திரைக்குப் பக்கத்தில் நீட்டினார். "இதேதாம்மா. எத்தனை தடவை பார்த்தாலும் இதேதான்."

அவள் துணுக்கைத் திருப்பி, நுனியில் கட்டியிருந்த நம்பரைக் காட்டினாள். ஐந்து. போன தடவை திரும்பி வந்த இருபத்துநாலில் ஒரு புடவையைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். அதே ஐந்து. அவர் புடவையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி புடவையைத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல கலரையா நான் திருப்பி அனுப்பினேன்?" என்றார். "அந்த இருபத்துநாலும் இருக்கா, வித்துட்டீங்களா?"

சாயங்காலம் அவள் கடை வாசலிலிருந்து ஆரணிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே கந்தசாமி எடுத்தார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"இன்னா ஆச்சி?"

"நூத்தியிருவது புடவைங்க, தீபாவளிக்கு. அஞ்சாம் நம்பர்." கொஞ்சம் நிறுத்தி, அவரைத் தவிக்கவிட்டு, பிறகு சொன்னாள்: "பீரோவுல கீற மீதி இருவத்திமூணையும் நாளைக்கே அனுப்பச் சொல்றாருங்க."

நாற்பது வருஷமாகச் சரக்குக்கு மட்டுமே சொல்லிவந்த மனிதர், பெங்களூர் வரைக்கும் கேட்கும்படி, அவளுக்குச் சொன்னார்:

"ம்!"